திங்கள் கூட்டம் இழுபட்டது: சரிசெய்த விதம்

கிளிநொச்சியில் எங்கள் கூட்டுறவு அலுவலகத்தில் திங்கள் கூட்டம் இரண்டு மணித்தியாலம் இழுபடும், முடிவு ஒன்றும் வராது. பிழை நிகழ்ச்சி நிரலில்தான். "நெல் கொள்வனவு" என்று மட்டும் எழுதினால் ஆளாளுக்கு ஒன்று கதைப்பார்கள். "ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டிய நெல்லை எடுப்பதா, காயவைத்துக் கொண்டுவரச் சொல்வதா?" என்று கேள்வியாக எழுதி, பக்கத்தில் நிமிடத்தையும் போடுங்கள்.

பயிற்சிக்கு 10 நிமிட ஒத்திகை போதும். ஒருவர் நடத்த, ஒருவர் வேண்டுமென்றே இடைமறிக்க, இன்னொருவர் மணிக்கூடு பார்க்கவேண்டும். நடத்துபவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லவேண்டும்; முந்திச் சொன்னால் புதிதாக வந்த பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். பழக ஆகக் கஷ்டமானது இதுதான்.

எழும்ப முன் முடிவு, பொறுப்பாளர், திகதி மூன்றையும் அறிக்கைப் புத்தகத்திலிருந்து உரத்து வாசியுங்கள். "பாப்பம்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டிவிட்டு, ஆரென்று பெயர் கேளுங்கள்.