வயதைக் காட்டி வேலை மறுத்தால்: தென்னாப்பிரிக்காவில் நாம் செய்யும் தவறுகள்

டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் மீண்டும் வேலை தேடுகிறவர்கள், பிறந்த தேதியை சி.வி.யிலிருந்து கவனமாக நீக்கிவிடுகிறார்கள். ஆனால் பதின்மூன்று இலக்க அடையாள எண்ணை அப்படியே விட்டுவைக்கிறார்கள். அது 660314 என்று தொடங்கினால், நீங்கள் பிறந்தது 1966 மார்ச் 14 என்று படிப்பவருக்கு அக்கணமே தெரிந்துவிடும். படிவம் கட்டாயமாகக் கேட்டாலொழிய, வேலை உறுதியாகும்போது அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறிய ஆண்டும் அப்படித்தான். மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. வயதைக் குறைத்துச் சொல்லி வேலையில் சேர்ந்தால், பின்னாளில் உங்களை நீக்க அதுவே காரணமாகிவிடும்.

‘நான் இன்னும் அங்கே ஊழியரே இல்லை, எனக்கென்ன உரிமை?’ என்று ஒதுங்கிப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் ஒன்றாக 6ஆம் பிரிவில் வயதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விண்ணப்பதாரருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்கிறது 9ஆம் பிரிவு. விளம்பரமும் தேர்வு அளவுகோலும்கூட இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஆகவே ‘35 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், திட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் வழக்கை இழப்பது பெரும்பாலும் தொலைபேசியில்தான். மறுப்பை வாய்மொழியாகக் கேட்டு, மனம் நொந்து, போனை வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இன்று காலை பேசியபோது, இப்பணிக்கு இளையவர்களையே எடுப்பதாகச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று தெரிவிக்கவும்.” கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் வேண்டாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம். வயது சட்டத்திலேயே குறிப்பிடப்பட்ட காரணம் என்பதால், பாகுபாடு நடக்கவில்லை என்றோ, நடந்தது நியாயமானது என்றோ நிரூபிக்கும் பொறுப்பு 11ஆம் பிரிவின்படி முதலாளி தலையில் விழுகிறது. ஆனால் அந்த நிலைக்குப் போக, உங்கள் கையிலும் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

இளைஞர்களை எடுத்தால் நிறுவனத்துக்கு வரிச்சலுகை உண்டு என்பது உண்மைதான். 2014 முதல் 18லிருந்து 29 வயது வரையிலானவர்களுக்காக அந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறது. அதற்காக மூத்தவர்களை ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சலுகைக்கான சட்டம் எங்கும் சொல்லவில்லை. மறுபக்கம், வேலையின் அடிப்படைத் தேவையே வயதைப் பொறுத்தது என்று நிறுவனம் காட்டிவிட்டால் உங்கள் வாதம் நிற்காது.

கோயில் மண்டபப் பேச்சில் எல்லா மறுப்புக்கும் இன ஒதுக்கீட்டையே குறை சொல்கிறோம். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் முன்னுரிமைப் பிரிவினரில் இந்தியரும் அடக்கம். மூத்தோர் என்ற பிரிவோ அதில் கிடையாது. உண்மைக் காரணம் வயதாக இருக்கையில் புகாரில் இனத்தை எழுதினால் வழக்கு தடம் மாறிவிடும்.

காலக்கெடுவிலும் குழப்பம் இருக்கிறது. 30 நாள் என்பது பணிநீக்க வழக்குக்கு. பாகுபாட்டுப் புகாரை, சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் சி.சி.எம்.ஏ. ஆணையத்திடம் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பிந்திவிட்டால் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். புகார் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயன்றீர்களா என்றும் ஆணையம் கேட்கும். மேலே சொன்ன மின்னஞ்சல் அங்கேயும் உதவும். சமரசம் எட்டாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். சம்பளம் சட்டம் வகுத்த வரம்புக்குக் கீழே என்றால் ஆணையத்திலேயே நடுவர் தீர்ப்புக் கேட்கலாம்.