டிஸ்டார்ஷன் பிளகின்: டிரைவ் குமிழைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் நேரும் தவறுகள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மிக்ஸிங் மேசையின் ஒரு சேனல் பழுதாகி, அதன் வழியே வந்த பாஸ் கிட்டார் கரகரவென்று உறுமியது. அந்த ஒலியை விரும்பிக் கேட்பவர்கள் பெருகவே, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பைத் தரும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை உருவாக்கினார். அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. பழுதான சேனல் மறுநாளும் அதே மாதிரி உறுமும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கணினியின் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இதே கரகரப்பைத் தரும் துணைநிரலான டிஸ்டார்ஷன் பிளகினில் அந்தக் கவலை இல்லை. இன்று அமைத்த ஒலி ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அப்படியே இருக்கும். பழைய கருவிகளில் உள்ள வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டாம், தேய்ந்த வால்வை மாற்ற வேண்டாம், ஒரே கருவியை இருபது டிராக்குகளில் போடலாம், பாடலின் ஒவ்வொரு வரிக்கும் டிரைவை, அதாவது கரகரப்பின் அளவை, குமிழ் தானே திரும்பும்படி தனித்தனியே ஆட்டோமேஷனில் எழுதலாம். இவை மெய்யான பலங்கள். குறைகள் என்று சொல்லப்படுபவற்றில் ஒன்றுதான் டிஜிட்டலுக்கே உரியது; மற்றவற்றில் பெரும்பாலானவை, எந்த ஒலியை எந்த அளவில் உள்ளே அனுப்புகிறோம் என்பதைக் கவனிக்காததால் நாமே வரவழைத்துக்கொள்பவை.

முதல் தவறு அளவிலேயே தொடங்கிவிடுகிறது. ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவுக்குள் மெல்லிய ஒலி சென்றாலும் உரத்த ஒலி சென்றாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான். டிஸ்டார்ஷன் அப்படியல்ல, அது அலையின் உயரத்தைப் பார்த்தே வேலை செய்கிறது. அனலாக் கருவிகளைப் பின்பற்றும் பிளகின்களில் பல, டிஜிட்டலின் உச்ச அளவுக்கு 18 டெசிபல் கீழே உள்ள அளவை அந்தக் கருவியின் மீட்டரில் சுழியமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. விலைக்கு வாங்கிய லூப்கள், சாம்பிள்கள் போன்ற ஆயத்த ஒலித்துண்டுகளோ உச்ச அளவை ஒட்டியே பதிவாகியிருக்கும். அவற்றை அப்படியே உள்ளே செலுத்திவிட்டு, டிரைவ் குமிழ் சுழியத்தில் இருக்கும்போதே ஒலி நசுங்குகிறது, பிளகின் முரடாக இருக்கிறது என்று குறைகூறுவது பொருந்தாது. இதற்குப் பரிகாரமாகச் சேனலின் ஒலியளவை மாற்றும் ஃபேடரைக் குறைப்பவர்களும் உண்டு. பெரும்பாலான ஒலிப்பதிவு மென்பொருள்களில் ஃபேடர் பிளகினுக்குப் பின்னால் இருப்பதால், நசுங்கிய ஒலி சற்று மெதுவாகக் கேட்குமே தவிர நசுங்கல் குறையாது. குறைக்க வேண்டியது, பிளகினுக்கு முன்பே ஒலித்துண்டின் அளவை மாற்றும் கிளிப் கெயினை, அல்லது பிளகினின் இன்புட்டை. குரல் பதிவில் இது இன்னும் முக்கியம்: பல்லவியில் மெல்லப் பாடியவர் சரணத்தில் உச்சத்தைத் தொட்டால் ஒரே அமைப்பு முதலாவதில் வெறும் வெதுவெதுப்பாகவும் இரண்டாவதில் கிழிசலாகவும் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தை முதலில் கையால் சமப்படுத்திவிட்டு அதன் பிறகு டிரைவைத் தொடுவது நல்லது.

இரண்டாவது தவறு காது செய்யும் மோசடி. டிரைவை ஏற்றினால் ஒலியின் அளவும் ஏறுகிறது. அளவு ஏறினால் மனிதக் காதுக்கு எதுவும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூட, இது உரத்திருக்கிறது என்று உணரவிடாமல், இது இனிமையாக இருக்கிறது என்று நம்பவைக்கப் போதும். ஆகவே அவுட்புட் குமிழால் முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்கும்படி சரிசெய்துவிட்டே ஒப்பிட வேண்டும். தானியங்கி ஈடுசெய்யும் பொத்தான் பல பிளகின்களில் உண்டு. அதையும் முழுமையாக நம்பாமல் காதால் ஒருமுறை சரிபார்க்கலாம். இப்படிச் சமப்படுத்திய பின் பிளகினை அணைத்துப் பார்த்தால், போட்டவற்றில் பாதியைக் கழற்றிவிடத் தோன்றும் என்பது என் அனுபவம்.

டிஜிட்டலுக்கே உரிய குறை என்று முன்பு சொன்னது ஏலியாசிங். இதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்கு போதும். ஒலி அலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கும் திட்டத்தில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எந்த அதிர்வெண்ணுக்கும் இடமில்லை. 5,000 ஹெர்ட்ஸ் கொண்ட தூய சுரம் ஒன்றைச் சதுர அலையாகும் அளவுக்கு டிஸ்டார்ஷன் பிளகின் செய்வதுபோல் அதன் மேல், கீழ் முகடுகளைச் சமமாக வெட்டினால் 15,000, 25,000, 35,000, 45,000 என அதன் ஒற்றைப்படை மடங்குகளான மேற்சுரங்கள் பிறக்கும். அனலாக் சுற்றில் 25,000க்கு மேற்பட்டவை காதுக்கு எட்டாமல் மேலேயே போய்விடும். கணினியிலோ அவை எல்லைச் சுவரில் மோதித் திரும்புகின்றன: 25,000 என்பது 19,100 ஆகவும், 35,000 என்பது 9,100 ஆகவும், 45,000 என்பது 900 ஹெர்ட்ஸாகவும் மடங்கி வரும். மூலச் சுரத்துக்குக் கீழே, அதற்கு எந்த உறவும் இல்லாத 900 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று, அடிச்சுரத்தைவிடச் சுமார் 19 டெசிபல் மட்டுமே குறைந்து நிற்கும். மூலச் சுரம் மேலேறும்போது இந்த மடங்கிய சுரங்களில் சில கீழிறங்கும்; உயர்ந்த சிந்தசைசர் சுரங்களிலும், ஸகர ஷகர ஒலிகள் தூக்கலான குரலிலும், சிம்பலிலும் கேட்கும் கண்ணாடித்தூள் போன்ற உறுத்தலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதைப் பிறகு ஈக்யூவால் அகற்ற இயலாது, ஏனெனில் அது இசை இருக்கும் இடத்திலேயே கலந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்கான மருந்து ஓவர்சாம்பிளிங்: பிளகின் தனக்குள் மாதிரி விகிதத்தை நான்கு மடங்காக்கி, அதாவது 1,76,400 ஆக்கி, அங்கே வெட்டிவிட்டு, மேலே உள்ளதை வடிகட்டிய பின் பழைய விகிதத்துக்குத் திரும்பும். அப்போது காதுக்கு எட்டும் பகுதிக்குள் மடங்கி வருபவை, அதே 5,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு, 31ஆவது மேற்சுரத்துக்குப் பிறகான வலுவிழந்தவை மட்டுமே. இந்தப் பொத்தானைக் கவனிக்காமல் விடுவது ஒரு தவறு என்றால், எல்லா டிராக்குகளிலும் 16 மடங்குக்கு ஏற்றிவைப்பது அதன் மறுமுனை. கணினியின் சுமை கூடும். வடிகட்டிகளால் தாமதம் ஏறும். பாடகர் ஹெட்ஃபோனில் தம் குரலைப் பிந்திக் கேட்டுத் தடுமாறுவார். 100 ஹெர்ட்ஸ் பாஸுக்கு அது தேவையே இல்லை, ஏனெனில் அதன் மேற்சுரங்கள் எல்லையைத் தொடுவதற்குள் இருநூறைத் தாண்டிவிடும், அங்கே அவற்றுக்கு வலு இருக்காது. ஓவர்சாம்பிளிங் எங்கே வேண்டும் என்பதை மூல ஒலியின் உயரமும் வெட்டின் கடுமையும் தீர்மானிக்கட்டும். மடங்கி வரும் ஒலியையே அழகாக விரும்பும் இடமும் உண்டு: 1987இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்பிளரின் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் முரட்டு ஒலியை நாடி ஒலியின் தரத்தை வேண்டுமென்றே குறைக்கும் பிட்கிரஷர் போடுபவர் இந்தச் சுத்தத்தைத் தேடினால் காரியம் கெடும்.

எந்த இடத்தில் போடுவது என்பதில் நேரும் தவறு இதைவிடப் பரவலானது. இரண்டு சுரங்கள் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் ஒவ்வொன்றின் மேற்சுரங்களோடு நில்லாமல், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய சுரங்களும் பிறக்கும். 110 ஹெர்ட்ஸில் சட்ஜம், 165இல் பஞ்சமம் என்றால் 55 ஹெர்ட்ஸ் பிறக்கிறது. அது கீழ்ஸ்தாயி சட்ஜமாகவே அமைவதால் ஒலி கனக்கிறது. ராக் இசையின் பவர் கார்ட் இந்த இரண்டு சுரங்களோடு நிற்பதன் காரணம் இதுதான். பஞ்சமத்துக்குப் பதில் கீபோர்டின் காந்தாரத்தை, அதாவது 138.6 ஹெர்ட்ஸைச் சேர்த்தால், 28.6, 81.4 என எந்தச் சுரத்தோடும் சரியாகப் பொருந்தாதவை கிளம்பி உரசும். நான்கு சுர கார்ட் இசைக்கும் கீபோர்டையோ, குரலும் வயலினும் கிட்டாரும் சேர்ந்த கூட்டுச் சேனலான பஸ்ஸையோ கடுமையாக வெட்டினால் சேறாவதில் வியப்பில்லை. கடுமையான டிஸ்டார்ஷன் தனித்தனி டிராக்கில் இருக்க வேண்டும், பஸ்ஸில் மிதமான டிஸ்டார்ஷனாகிய சாச்சுரேஷன் போதும். தோற்கருவிகளிலும் இந்த வேறுபாடு தெரியும். மிருதங்கம், தபலா போன்றவற்றின் மேற்சுரங்கள் ஏறத்தாழ முழு எண் விகிதத்தில் அமைவதைச் சி. வி. இராமன் 1920லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சுரம் தொனிக்கும் சொற்களைச் சாச்சுரேஷனுக்குள் அனுப்பினால் புதிதாகப் பிறப்பவையும் அதே வரிசையிலேயே விழும். டிரம் கிட்டின் டாம்களுக்கு அந்த வசதி இல்லை.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் எதை வெட்டுகிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததே. ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலில் வெட்டு நிகழும் பகுதியில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஊக்கம் படிப்படியாகக் குறையும்படி சுற்று அமைந்திருக்கிறது; தாழ்சுரம் மற்ற எல்லாவற்றையும் தன்னோடு இழுத்து நசுக்காதிருக்க அது உதவுகிறது. பிளகினிலும் இதே உத்தி பலிக்கும்: முன்னால் தாழ்சுரத்தைக் குறைத்துவிட்டு, குறைந்ததைப் பின்னால் ஈக்யூவால் மீட்பது. பாஸுக்கென்றால் தாழ்பகுதியைத் தூய்மையாக விட்டு மேல்பகுதியை மட்டும் வெட்டும் பல பட்டைப் பிளகின் எளிது. அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் ரீவெர்ப்பையும் முன்னால் வைத்துவிட்டால், தேய்ந்து மறைய வேண்டிய வாலெல்லாம் உயர்ந்து கூரையாகக் கவியும். பதிவறையின் மின்விசிறி இரைச்சலும் அவ்வாறே. கிட்டார் ஆம்ப் பிளகினில் ஸ்பீக்கர் பெட்டியைப் பின்பற்றும் கேபினெட்டை அணைத்துவிட்டு, ஈ மொய்ப்பது போல் கேட்கிறது என்று வருந்துபவர்களும் பலர். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெகுவாகத் தேய்ந்துவிடும் என்பதே ஆம்ப் ஒலியின் பாதி. கிட்டாரை லைன் இன்புட்டில் செருகுவது வேறொரு வழக்கமான பிழை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்புக்கு அதிக மின்தடை கொண்ட இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் தேவை.

சமச்சீரற்ற வெட்டு இரட்டைப்படை மேற்சுரங்களைத் தந்து வெதுவெதுப்பு ஊட்டும், கூடவே அலையின் மையத்தைச் சுழியத்திலிருந்து ஒருபக்கம் நகர்த்திவிடும். பிளகின் தானே சரிசெய்யாவிட்டால் பின்னால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போதும். மூல ஒலியோடு கலக்கும் மிக்ஸ் குமிழைத் திருப்பும்போது ஒலி மெலிந்து குழாய்க்குள் பேசுவது போலானால், உள்ளே தாமதமோ ஃபேஸ் (அலையின் கட்டம்) மாற்றமோ ஈடுசெய்யப்படவில்லை என்று பொருள். அத்தகைய பிளகினை மூல ஒலி கலக்காமல் முழு அளவில்தான் பயன்படுத்த வேண்டும்.

மீட்டரின் சிவப்பு விளக்கை டிஸ்டார்ஷன் என்று எண்ணுவதும் குழப்பமே. 32 பிட் மிதவைப் புள்ளியில் இயங்கும் மென்பொருளில் ஒரு சேனல் டிஜிட்டலின் உச்ச அளவான சுழியத்தைத் தாண்டிச் சிவந்தாலும் உள்ளே எதுவும் வெட்டுப்படுவதில்லை. அவுட்புட்டிலோ 24 பிட் கோப்பாக வெளியேற்றும்போதோதான் வெட்டு நிகழும், அதுவும் ஓவர்சாம்பிளிங் இல்லாத முரட்டு வெட்டாக. மாஸ்டரை அதற்குள் தள்ளிக் கிடைக்கும் கரகரப்பை விரும்புவோர், அதே வேலைக்கென்றே அமைந்த கிளிப்பர் ஒன்றை மாஸ்டரில் போட்டு அளவாகச் செய்துகொள்ளலாம். சில பிளகின்களில் வேலை செய்யும்போது ஒரு ஓவர்சாம்பிளிங்கும், கோப்பாக வெளியேற்றும்போது அதைவிட உயர்ந்த ஒன்றும் தாமாகவே அமையும். ஆறு மணி நேரம் காதைத் தீட்டி அமைத்த உறுத்தல் வெளியேற்றிய கோப்பில் காணாமல் போயிருக்கக்கூடும் என்பதால், அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பையே தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.