விருந்தில் மது வைக்கிறீர்களா? வீட்டுக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கல்யாணம் என்றால் மாதக்கணக்கில் ஏற்பாடு நடக்கும். ஆட்டிறைச்சி எத்தனை கிலோ, பந்தலில் எத்தனை மேசை, பந்தி எத்தனை மணிக்கு என்று எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும். தண்ணி விஷயம் மட்டும் அந்த நோட்டில் இருக்காது. "அதைப் பையனோட கூட்டாளிங்க பார்த்துக்குவாங்க" என்று ஒரே வார்த்தையில் விட்டுவிடுவோம். அன்று ராத்திரி நடக்கும் சண்டை, விபத்து, மனக்கசப்பு பாதிக்கு மேல் இந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் கிளம்புகிறது. விருந்துக்குக் கூப்பிட்டவர் நாம். முதல் கிளாஸ் ஊற்றியதிலிருந்து கடைசி விருந்தாளி வீடு போய்ச் சேரும்வரை பொறுப்பும் நம்முடையதுதான்.

மது வைத்தே ஆக வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. என் அக்கா மகள் கல்யாணத்தில் ஒரு சொட்டு வைக்கவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு நம்முடைய கெடாவில்தான் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் இயக்கம் கள்ளை எதிர்த்து எழுந்தது. அந்தப் பாட்டன்மார் சம்பளம் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆகவே "வைக்காவிட்டால் மரியாதை இல்லை" என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்கலாம். வைப்பது என்று முடிவானால், ஒழுங்காக வைக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, மதுவைக் கார் பின்பக்கத்தில் ஒளித்து வைப்பது. மண்டபத்துக்குள் கூடாது என்பதால் வெளியே இருட்டில் ஒரு காரைத் திறந்து வைத்து, ஐஸ் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். யார் எவ்வளவு குடித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. பதினாறு வயதுப் பையன் போய் எடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. பாதிப் பேர் வண்டி ஓட்டி வந்தவர்கள், நிற்பதும் வண்டிக்குப் பக்கத்திலேயே. இதைவிட, வீட்டுப் பந்தலில் ஓர் ஓரமாக வெளிச்சத்தில் ஒரு மேசை போட்டு, குடிக்காத ஒருவரை அங்கே உட்கார வைப்பது நூறு மடங்கு மேல். வயதில் பெரியவராக, "போதும்பா" என்று சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது. மண்டபம் எடுத்திருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் வாடகைப் பாரத்தைப் படியுங்கள். பள்ளி மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

அடுத்தது நேரம். ஏழு மணிக்குப் பாட்டில் திறக்கிறோம், ஒன்பதரைக்குத்தான் பந்தி. வெறும் வயிற்றில் போகும் மது வேகமாக ரத்தத்தில் ஏறும். அதற்குத் தொட்டுக்கொள்ள வைப்பதோ உப்புக்கடலையும் முறுக்கும், தாகத்தை இன்னும் கூட்டும். முதலில் சோறு போடுங்கள், அப்புறம் பாட்டிலைத் திறங்கள். மேசையில் பீர் இருக்கிற அளவுக்குத் தண்ணீரும் இருக்கட்டும். விருந்து முடிய ஒரு மணி நேரம் முன்பே அந்த மேசையைக் கட்டிவிட்டுத் தேநீர் கொடுங்கள். தேநீர் போதையை இறக்காது. ஆனால் விருந்து முடிகிறது என்று அதுவே எல்லாருக்கும் சொல்லிவிடும்.

"ரெண்டு பீர்தானே" என்கிற கணக்குதான் எனக்கு மிகவும் பயம் தருவது. ஐந்து விழுக்காடு பீர் 325 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பெரிய பாட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. விஸ்கி 30 மில்லியில் 9 கிராமுக்கு மேல். ஆனால் கல்யாண வீட்டில் யார் 30 மில்லி அளந்து ஊற்றுகிறார்கள்? 70 கிலோ எடையுள்ள ஆண் மூன்று டின்னை மளமளவென்று குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் வரை போகலாம். எடை குறைந்த பெண்ணுக்கு இரண்டு டின்னே அந்த அளவுக்குக் கொண்டுபோய் விடும். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 50 மில்லிகிராம், மூச்சில் பார்த்தால் 100 மில்லிக்கு 22 மைக்ரோகிராம். முன்பு 80-உம் 35-உமாக இருந்ததை 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது குறைத்தார்கள். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு "நான் ஸ்டெடியா இருக்கேன்" என்று கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அளவைத் தாண்டிப் பிடிபட்டால் முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு, லைசென்சும் போகும். குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, அதோடு 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான். தோட்டத்துச் செம்மண் பாதையில் போலீஸ் நிற்காது என்று தைரியம் சொல்வார்கள். போலீஸ் நிற்காது, சரி. ஆனால் கால்வாய் அங்கேயேதான் இருக்கிறது.

என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு காரியம் செய்தோம். பெரிய மைலோ டின் ஒன்றைக் கழுவி, மது மேசையில் வைத்தோம். குடிக்க உட்காருகிறவர் வண்டிச் சாவியை அதில் போட வேண்டும், அப்புறம்தான் கிளாஸ். ஒவ்வொரு சாவியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதியது என் சித்தப்பா. அவர் குடிக்க மாட்டார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மாமா ஒருவர் வந்து, "டேய், நான் உன்னைத் தூக்கி வளர்த்தவன்டா, சாவியை எடு" என்றார். நாக்கு குழறவில்லை, நடை மட்டும் லேசாகத் தள்ளியது. சித்தப்பா எழுந்து நின்று, "மச்சான், உங்க தங்கச்சி உள்ளே பாய் போட்டு வெச்சிருக்கா. காலையில நானே மோட்டாரைத் துடைச்சுத் தர்றேன்" என்றார். மாமா டின்னுக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் துழாவினார். சாவிகள் கலகலவென்று சத்தம் போட்டன. பிறகு கையை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவரிடம் அப்போது சட்டம் பேசியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். பாய் போட்டு வைத்திருந்தது வேலை செய்தது.

ஆகவே படுக்க இடமும் வீட்டில் கொண்டுபோய் விட ஆளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். டவுனில் கூப்பிட்டால் வரும் கிராப் வாடகைக் கார், ராத்திரி ஒரு மணிக்குத் தோட்டத்துக்குள் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். குடிக்காத இரண்டு தம்பிமாரிடம் ஒரு வேனை ஒப்படைத்து, பெட்ரோல் காசையும் கொடுத்துவிடுங்கள். கல்யாணச் செலவில் அது ஒரு மூலைக்கு வராது.

தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பதும் தவறு. 100 மில்லி ரத்தத்தில் உடம்பு ஒரு மணி நேரத்துக்கு இறக்குவது ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான். கருப்புக் காப்பி, எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளிப்பது எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு எட்டு மணியிலிருந்து எட்டு டின் குடித்த ஒரு சராசரி ஆள், காலை ஏழு மணிக்கும் சட்ட அளவின் விளிம்பில்தான் நிற்பார். அதற்கும் முன்பே இருட்டில் பால்மரம் (ரப்பர்) சீவக் கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சாவியைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தையும் இந்தக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும்.

21-ஆவது பிறந்தநாள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதைக் கல்யாணம் மாதிரியே செய்கிறோம். 2017 டிசம்பர் 1 முதல் மதுபானம் வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆகிவிட்டது. கேக் வெட்டுகிற பிள்ளைக்கு 21. சுற்றி நின்று கை தட்டுகிற கூட்டாளிகளுக்கு? பாதிப் பேருக்குப் பத்தொன்பது, இருபது. அவர்களைப் பெற்றவர்கள் நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள். வயது தெரியாத பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான். ஆளுக்குப் பத்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டு ஊற்றுவதும் வேண்டாம். காசு கைமாறினால் அது விற்பனை. உரிமம் இல்லாமல் மதுபானம் விற்பது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம்.

பக்கத்து வீட்டு மாக்சிக்கையும் (மலாய்க்கார அம்மா) ஃபோர்மனையும் கூப்பிட்டிருப்போம். முஸ்லிம்கள் மது அருந்துவது ஷரியா சட்டப்படி குற்றம். அவர்கள் உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் பாட்டிலை வைப்பது அவர்களைச் சங்கடப்படுத்துவதாகும். மதுவுக்கு வைத்த ஐஸ் பெட்டியிலிருந்து சிராப் என்ற இனிப்புப் பானத்துக்கு ஐஸ் அள்ளக் கூடாது, கிளாசும் தனியாக இருக்க வேண்டும். இதைப் பரிமாறுகிற பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வாங்குகிற இடத்திலும் கவனம் வேண்டும். லங்காவியிலிருந்து வரியில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு அனுமதி ஒரு லிட்டர்தான். சொந்தக்காரர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தால் அது கடத்தல். பாட்டிலில் சுங்க முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு அதைவிட ஆபத்து. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் குடித்தவுடன் வித்தியாசம் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள், வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் வரும். "ஹேங்ஓவர்" என்று படுக்க விட்டுவிட்டால் பார்வையும் போகலாம், உயிரும் போகலாம். கண் மங்குகிறது என்று சொன்ன உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே பாட்டிலில் குடித்த மற்றவர்களுக்கும் ஃபோன் போடுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் இல்லாத வீடே நம்மிடம் இல்லை. இன்சுலின் போட்டுக்கொண்டோ மாத்திரை எடுத்துக்கொண்டோ குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரியே இருக்கும். விழுங்க முடிகிறதென்றால் உடனே இனிப்பான பானம் கொடுங்கள்.

போதையில் விழுந்து கிடப்பவரை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, உடம்பு சில்லிடுகிறது என்றால் 999-க்கு அழையுங்கள். தோட்டத்துக்குள் வழி தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றும். மோட்டாரில் ஓர் ஆளை முன்வாசல் கேட்டுக்கு அனுப்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.