பிரிட்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் வீட்டுச் சாப்பாடு: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

பிரிட்டனில் சில காலம் இருந்துவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபோனவர்கள், பழகிய அதே செய்முறையைப் பிடித்துக்கொண்டு சமைப்பார்கள். ஆனால் யார்க்‌ஷயர் புட்டிங் (ஓவனில் பொங்கி எழும் முட்டை-மாவுப் பண்டம்) எழும்பாது, சிப்ஸ் (தடித்த உருளைக்கிழங்கு வறுவல்) துவண்டுவிடும், டம்ப்ளிங் (ஸ்டூவில் வேகும் மாவு உருண்டை) கல்லாகும். பெரும்பாலும் கைப்பக்குவத்தில் குறை இருக்காது. மாவு, முட்டை, உருளைக்கிழங்கு, க்ரீம், சாஸேஜ் என்று கடையில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. ஒவ்வொரு பொருளும் அந்த உணவில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை எந்த ஊரிலும் தேடிக்கொள்ளலாம்.

அளவுகளில் தொடங்குவோம். பழைய பிரிட்டிஷ் செய்முறைகளில் ஓவன் சூடு 'கேஸ் மார்க்' எண்ணில் இருக்கும். கேஸ் மார்க் 4 என்றால் 180 டிகிரி செல்சியஸ், 6 என்றால் 200, 7 என்றால் 220. விசிறி வைத்த ஓவனில் 20 டிகிரி குறைக்க வேண்டும். பைண்ட் பிரிட்டனில் 568 மி.லி., அமெரிக்காவில் 473. மேசைக்கரண்டி பிரிட்டனில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும் சமையல் தெர்மாமீட்டரும் வாங்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். கீழே உள்ள சூடெல்லாம் விசிறியில்லாத ஓவனுக்கானது.

மாவு

பிரிட்டிஷ் கேக், ஸ்கோன் (டீயோடு தின்னும் சின்ன வட்ட ரொட்டி), டம்ப்ளிங் எல்லாவற்றுக்கும் அடிப்படை செல்ஃப் ரைசிங் மாவு, அதாவது பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா. பல நாடுகளில் அது கிடைப்பதே இல்லை. 150 கிராம் மைதாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து இரண்டு முறை சலித்தால் போதும். அமெரிக்காவில் அதே பெயரில் விற்கும் மாவில் உப்பும் சேர்ந்தே வரும். அதை வாங்கினால் செய்முறையில் சொன்ன உப்பை விட்டுவிடுங்கள். கலந்த மாவை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் பேக்கிங் பவுடர் வலுவிழக்கும், கேக் சப்பையாகும்.

ஸ்கோனுக்கு இந்த மாவு 350 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், பால் 175 மி.லி., சர்க்கரை 3 மேசைக்கரண்டி. வெண்ணெயை மாவில் விரல்நுனியால் உதிர்த்து, சர்க்கரையும் பாலும் சேர்த்து, பிசையாமல் ஒன்றுகூட்டி, இரண்டரை செ.மீ. கனத்தில் தட்டி வெட்டுங்கள். 220 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். வெட்டும் அச்சை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் ஒருபக்கமாகச் சாயும்.

சூயட்

வெளிநாட்டில் அதிகம் தவிக்கவைக்கும் பொருள் இதுதான். சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. ஸ்டூவில் போடும் டம்ப்ளிங், ஸ்டீக் அண்ட் கிட்னி புட்டிங் (மாவுக்குள் இறைச்சி வைத்து அவிப்பது), ஜாம் ரோலி போலி (ஜாம் தடவிச் சுருட்டிய மாவு) எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. வெண்ணெய் உடல்சூட்டிலேயே உருகிவிடும். சூயட் உருகுவதற்கு 45 டிகிரியாவது தாண்ட வேண்டும். அதற்குள் சுற்றியுள்ள மாவு இறுகத் தொடங்கிவிடும். பிறகு கொழுப்பு உருகி மாவுக்குள் இறங்க, அது இருந்த இடம் சின்னச் சின்ன வெற்றிடமாக நிற்கும். அந்த மென்மையும் லேசும் அப்படி வருவதுதான்.

பாக்கெட் சூயட் கிடைக்காவிட்டால் இறைச்சிக் கடையில் சிறுநீரகக் கொழுப்பு என்று கேட்டு வாங்கலாம். ஆட்டினதும் சரிதான், கொஞ்சம் வாடை இருக்கும். மேலிருக்கும் சவ்வையும் ரத்தக் கறையையும் நீக்கி, ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, பெரிய துளை உள்ள துருவியில் துருவி, உடனே ஒரு கைப்பிடி மாவில் புரட்டிவிடுங்கள். மாவு படாவிட்டால் துருவல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கொழுப்பும் கிடைக்காத இடத்தில், கல்லாக உறைந்த வெண்ணெயைத் துருவிப் போடலாம். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் என்பதால் 50 கிராம் சூயட்டுக்கு 60 கிராம் வெண்ணெய் எடுத்து, செய்முறைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். சுவை நன்றாகவே இருக்கும், பஞ்சுத்தன்மை மட்டும் சற்றுக் குறையும்.

டம்ப்ளிங் எட்டுக்கு: செல்ஃப் ரைசிங் மாவு 100 கிராம், சூயட் 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த தண்ணீர் 5 முதல் 6 மேசைக்கரண்டி. மாவு கையில் லேசாக ஒட்டும் பதம் சரியான பதம். உருட்டி, மெல்லக் கொதிக்கும் ஸ்டூவின் மேல் வைத்து மூடி, 20 நிமிடம் திறக்காமல் விடுங்கள். கல்லாக வந்தால் மாவை அதிகம் பிசைந்திருப்பீர்கள். கரைந்து போனால் ஸ்டூ தளதளவென்று கொதித்திருக்கும்.

யார்க்‌ஷயர் புட்டிங்

நான்கு அங்குல உயரம் இல்லாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. அந்த உயரத்துக்கு முட்டையும் சூடும்தான் காரணம், பேக்கிங் பவுடருக்கு இதில் இடமே இல்லை. பிரிட்டனில் 'லார்ஜ்' முட்டை ஓட்டோடு 63 முதல் 73 கிராம். அமெரிக்க லார்ஜ் 57 கிராம் அளவுதான். எனவே முட்டையை எண்ணாதீர்கள், உடைத்து அளந்துகொள்ளுங்கள்: முட்டை 200 மி.லி., பால் 200 மி.லி., மைதா 140 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள்.

12 குழி டிரேயில் குழிக்கு ஒரு தேக்கரண்டி மாட்டுக் கொழுப்போ சூரியகாந்தி எண்ணெயோ ஊற்றி, 230 டிகிரி ஓவனில் புகை கிளம்பும் வரை காயவிட வேண்டும். வெண்ணெய் இந்தச் சூட்டில் கருகும். மாவு விழுந்ததும் 'சொய்' என்று சத்தம் வராவிட்டால் கொழுப்பு காயவில்லை, திரும்ப உள்ளே வையுங்கள். ஊற்றியபின் 20 முதல் 25 நிமிடம் ஓவன் கதவைத் தொடக்கூடாது. இடையில் திறந்தால் உள்ளிருக்கும் நீராவி அடங்கி, இறுகாத சுவர் அமுங்கிவிடும். ஓரம் நன்றாகப் பழுப்பேறாமல் எடுத்தாலும் தட்டுக்கு வருவதற்குள் சுருங்கும்.

சிப்ஸ், மீன், பட்டாணி

பிரிட்டிஷ் சிப்ஸுக்கு மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் போன்ற மாவுத்தன்மையுள்ள உருளைக்கிழங்கு வேண்டும். வட அமெரிக்காவில் ரஸ்ஸெட், ஐரோப்பாவில் பிண்ட்யே அல்லது அக்ரியா பொருந்தும். வகை தெரியாத கிழங்கை உப்புநீரில் சோதிக்கலாம்: ஒரு பங்கு உப்பு, 11 பங்கு தண்ணீர். மாவுக் கிழங்கு மூழ்கும், வழுவழுப்பான கிழங்கு மிதக்கும். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வேகும் முன்பே சிப்ஸ் கறுத்துவிடும்.

ஒன்றேகால் செ.மீ. கனத்தில் வெட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியில் ஈரம் போகத் துடையுங்கள். 130 டிகிரி எண்ணெயில் 6 முதல் 8 நிமிடம், நிறம் மாறாமல் உள்ளே வேகும்வரை பொரித்து எடுத்து ஆறவிடுங்கள். பரிமாறும் நேரத்தில் 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். வட இங்கிலாந்தின் சிப்ஸ் கடை மணம் வேண்டுமானால் எண்ணெய்க்குப் பதில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு.

சிப்ஸோடு வைக்கும் மீன், பிரிட்டனில் வழக்கமான காட், ஹாடக் மீனாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெள்ளைச் சதை, இரண்டரை செ.மீ. கனம், முள் எடுத்த துண்டு, இது மூன்றும் இருந்தால் போதும். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு, ஐஸ்போலக் குளிர்ந்த பீர் அல்லது சோடா 270 மி.லி. பொரிப்பதற்குச் சற்று முன்புதான் கரைக்க வேண்டும். வைத்திருந்தால் குமிழி அடங்கி மேற்பூச்சு தோலாகும். மீனை ஈரம் ஒற்றி, காய்ந்த மாவில் புரட்டிய பிறகே கரைசலில் தோய்க்கவும். 180 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம். மேற்பூச்சு மீனிலிருந்து கழன்றால் ஈரத்தைச் சரியாக ஒற்றவில்லை.

மஷி பீஸுக்கு, அதாவது குழைய வேகவைத்த பட்டாணிக்கு, உரியது மேரோஃபேட் என்னும் பட்டாணி வகை. உடைக்காத, காய்ந்த பச்சைப் பட்டாணி எதுவும் அந்த இடத்தை நிரப்பும். 250 கிராமுக்கு 2 தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, கொதிநீர் ஊற்றி 12 மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, புதுத்தண்ணீரில் 30 முதல் 40 நிமிடம் வேகவைக்கவும். கழுவாமல் விட்டால் சோப்பு ருசி வரும். உப்பைக் கடைசியில் போடலாம்.

சாஸேஜ்

வேறு ஊர் சாஸேஜை வாங்கி மசித்த கிழங்கோடு வைத்தால் அது பேங்கர்ஸ் அண்ட் மேஷ் ஆகாது. பிரிட்டிஷ் சாஸேஜில் இறைச்சியோடு ரஸ்க்கும் தண்ணீரும் உண்டு. 'போர்க் சாஸேஜ்' என்று பெயரிட அங்கே சட்டப்படி 42 சதவீதப் பன்றியிறைச்சி இருந்தாலே போதும். இறைச்சி விட்டுப்போகும் சாற்றையும் கொழுப்பையும் ரஸ்க் பிடித்துவைத்துக்கொள்ளும். கடித்தால் மெத்தென்று இருப்பது அதனால்தான். முழுக்க இறைச்சியால் செய்தால் ரப்பர்போல இறுகும்.

இந்த ரஸ்க் டீயில் தோய்த்துத் தின்னும் ரஸ்க் அல்ல. ஈஸ்டும் சர்க்கரையும் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம்: மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 100 மி.லி. கெட்டியாகப் பிசைந்து ஒரு செ.மீ. கனத்தில் தேய்த்து, 230 டிகிரியில் 10 நிமிடம் சுட்டு, கீற்றாக வெட்டி, 190 டிகிரியில் முறுகக் காயவைத்துப் பொடியுங்கள். ரொட்டித்தூளும் பயன்படும், ஆனால் அது போட்ட சாஸேஜை மறுநாளுக்குள் சமைத்துவிடுவது நல்லது.

கொழுப்பு கால்பங்கு உள்ள பன்றித் தோள்கறி ஒரு கிலோ, ரஸ்க் 100 கிராம், ஐஸ் தண்ணீர் 120 மி.லி., உப்பு 16 கிராம், வெள்ளை மிளகுத்தூள் 3 கிராம், ஜாதிபத்திரித் தூள் ஒரு கிராம், காய்ந்த சேஜ் இலை 2 கிராம். வெள்ளை மிளகும் ஜாதிபத்திரியும்தான் அந்த மணத்தின் உயிர், பூண்டு சேர்த்தால் வேறு நாட்டுக்குப் போய்விடும். எல்லாம் சில்லென்று இருக்கும்போதே, கலவை கையில் பிசுக்கென்று ஒட்டும்வரை பிசையுங்கள். கொழுப்பு இளகினால் வேகும்போது பிரிந்து ஓடும், மிஞ்சுவது தவிடுபோல உதிரும். குடல் உறை இல்லையா? மாவில் புரட்டி விரல்நீளமாக உருட்டுங்கள். ஓர் இரவு குளிரில் வைத்து, சின்னத் தீயில் 20 நிமிடம், நடுவில் 75 டிகிரி ஏறும்வரை வாட்டவும்.

பக்கத்தில் வைக்கும் பேக்ட் பீன்ஸும் பெயரால் ஏமாற்றும். அமெரிக்க டப்பா வெல்லப்பாகுபோல இனிக்கும். வேகவைத்த சின்ன வெள்ளை பீன்ஸ் 400 கிராம், வடிகட்டிய தக்காளிச் சாறு 200 மி.லி., சர்க்கரையும் வினிகரும் ஒவ்வொரு தேக்கரண்டி, உப்பு, கொஞ்சம் சோள மாவுக் கரைசல், 15 நிமிடக் கொதி. இவ்வளவுதான்.

இனிப்புப் பக்கம்

கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகுக்குத் தேன் ஈடாகாது, அதன் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். 100 கிராம் சர்க்கரையை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் செம்பழுப்பாகக் காய்ச்சி, 300 மி.லி. கொதிநீரைப் பார்த்து ஊற்றுங்கள், சீறித் தெறிக்கும். 500 கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சை வில்லையும் போட்டு, கிளறாமல், சின்னத் தீயில் முக்கால் மணி நேரம், 110 டிகிரி வரை. எலுமிச்சைப் புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை உடைப்பதால்தான் பாகு பூக்காமல் இருக்கிறது. ஆறியபின் தேனைவிடக் கெட்டியானால் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கலாம். ட்ரீக்கிள் டார்ட் என்ற இனிப்புக்கும் இதுதான் வேண்டும். பெயரில் ட்ரீக்கிள் இருக்கிறதே என்று அந்தப் பெயரில் விற்கும் கறுப்புப் பாகை ஊற்றிவிடாதீர்கள், கசக்கும்.

கஸ்டர்ட் பவுடர் என்பது சோள மாவு, நிறம், வனிலா மணம். ஆல்ஃபிரட் பேர்ட் 1837இல் பர்மிங்ஹாமில், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக உருவாக்கியது. 568 மி.லி. பாலுக்கு 2 மேசைக்கரண்டி சோள மாவு, அதே அளவு சர்க்கரை, வனிலா, மஞ்சள் நிறம் ஒரு துளி.

ஸ்கோனில் பூசும் கெட்டி ஆடையான க்ளாட்டட் க்ரீமுக்குக் கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாத க்ரீம் ஒரு லிட்டர். யூ.எச்.டி. முறையில் சூடாக்கிய பெட்டி க்ரீம் உறையாது, லேபிளைப் படித்து வாங்குங்கள். அகலமான பாத்திரத்தில் ஐந்து செ.மீ. ஆழம் ஊற்றி, மூடாமல், 80 டிகிரி ஓவனில் 12 மணி நேரம். அசைக்காமல் ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்தபின் மேலே திரண்ட ஆடையை எடுங்கள். அடியில் தங்கும் பால் ஸ்கோன் மாவுக்கு ஆகும்.

கார்னிஷ் பேஸ்டி

இறைச்சியும் காய்களும் வைத்து மடித்துச் சுடும் இந்தப் பண்டத்துக்கு மட்டும் சாதாரண மைதா வேண்டாம், ரொட்டி செய்யும் புரதம் கூடிய மாவு வேண்டும். ஈர உள்ளடக்கத்தைத் தாங்க மேல்மாவு உறுதியாக இருக்க வேண்டும். ஆறு பேஸ்டிக்கு மாவு 500 கிராம், பன்றிக் கொழுப்பு அல்லது வெள்ளை வனஸ்பதி 120 கிராம், வெண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம், குளிர்ந்த தண்ணீர் 175 மி.லி. வழக்கமான பேஸ்ட்ரிபோல அல்லாமல் இதை நன்றாகவே பிசைந்து, மூன்று மணி நேரம் குளிரில் வையுங்கள். அவசரப்பட்டால் தேய்க்கும்போது இழுத்துக்கொண்டே போகும்.

உள்ளே: சின்னதாக நறுக்கிய மாட்டிறைச்சி 450 கிராம், உருளைக்கிழங்கு 450, ஸ்வீடு (swede) 250, வெங்காயம் 200, உப்பு, மிளகு. எல்லாம் பச்சையாகவே, கொத்துக்கறியும் கேரட்டும் கூடாது. ஸ்வீடு என்பது மஞ்சள் சதையுள்ள கிழங்கு. கார்ன்வாலில் அதை 'டர்னிப்' என்பார்கள், அமெரிக்காவிலும் பிரான்சிலும் 'ரூட்டபாகா'. வெள்ளை டர்னிப்பை வாங்கிவிட்டால் அதன் தண்ணீரில் அடிமாவு ஊறிக் கிழியும். 20 செ.மீ. வட்டமாகத் தேய்த்து, நிரப்பி, அரைவட்டமாக மடித்து, விளிம்பைப் பக்கவாட்டில் சோழிபோல மடித்துக்கொண்டே வாருங்கள். முட்டை தடவி, நீராவி போக ஒரு கீறல் விட்டு, 180 டிகிரியில் 50 நிமிடம். எடுத்தவுடன் வெட்டாமல் கால் மணி நேரம் விட்டால், சாறு வெளியே ஓடாமல் கிழங்குக்குள் இறங்கிவிடும்.