ஏணை ஆடும் நேரத்தில் ஒரு போர்வையைத் தைத்து முடிக்க

கைப்பிள்ளையோடு இருக்கிற ஒருவருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு மணித்தியாலம் கிடைக்கவே கிடைக்காது. அதை நம்பிக் காத்திருந்ததில் என் துண்டுத்துணிப் போர்வை ஒன்றரை வருசம் உரப்பைக்குள்ளேயே கிடந்தது. கிடைப்பது பத்து நிமிசம், மிஞ்சினால் கால் மணித்தியாலம். வேலையை அந்த அளவுக்கு நறுக்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு அது நகர்ந்தது.

சின்னப் பிள்ளைக்கு 36 அங்குல அகலம், 42 அங்குல நீளம் போதும். தைத்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 42 வேண்டும், வரிசைக்கு 6 வீதம் 7 வரிசை. சுற்றிவரக் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்பதால் ஆறரை அங்குலத்துக்கு ஒரு மட்டை வெட்டி, அதை வைத்துக் கீறிக்கொள்ளுங்கள். போர்வைக்கு மூன்று அடுக்கு: மேலே இந்தச் சதுரங்களைச் சேர்த்த துணி, பிறகு நடுத்துணி, அடித்துணி. நடுவில் வைக்கவும் அடியில் போடவும் ஒரு பழைய பருத்திச் சேலை போதும். அதன் அகலம் அநேகமாக 45 அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும், ஆகவே நீளத்துக்கு ஒட்டுப் போட வேண்டியதில்லை. ஐந்தரை மீற்றர் சேலையில் 40 அங்குலத் துண்டு ஐந்து வரும்: அடிக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டோ மூன்றோ.

மேல்துணிக்குத் தையற்கடை வெட்டுத்துண்டு, பழைய சீத்தைச் சட்டை, பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய வெள்ளை எல்லாம் சரி. வெட்டமுன் தோய்த்துவிடுங்கள், பருத்தி சுருங்கும். கடுஞ்சிவப்பை வெள்ளைத் துண்டோடு சேர்த்து ஈரமாகப் பிழிந்து பாருங்கள், சாயம் ஏறினால் அதை விட்டுவிடுங்கள்.

வெட்டுவதை மட்டும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள். அதற்கு ஒரு பின்னேரம் பிள்ளையை வைத்திருக்கச் சொல்லி மாமியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். சோழகம் அடிக்கிற நாளில் விறாந்தையில் இருந்து வெட்ட வேண்டாம், துண்டு வேலிவரை பறக்கும்.

இனித்தான் முக்கியமானது. இரவு படுக்கமுன் ஒரு சோடித் துண்டைச் சேர்த்துக் குண்டூசி குத்தி, ஊசியில் நூலும் கோர்த்து, மூடியுள்ள பிஸ்கற் பேணிக்குள் வைத்துவிடுங்கள். பிள்ளை கண் மூடிய பிறகு நூலைத் தேடப் போனால் அந்தப் பத்து நிமிசமும் அதிலேயே போய்விடும். மெஷினை எடுக்க வேண்டாம், அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை எழும்பிவிடும். ஏணையில் கட்டிய கயிற்று நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, காலால் ஆட்டியபடி கையால் தைக்கலாம். இரண்டு நாளில் அது பழகிவிடும்.

வரிசைக்கு 5 இணைப்பு, மொத்தம் 35. நாளுக்கு ஒன்றென்றால் 35 நாள். வரிசைகளைச் சேர்க்க 6 நீளத்தையல், அதையும் சதுரம் சதுரமாகப் பிரித்தால் 36 நாள். ஒவ்வொரு சதுரம் முடிகிற இடத்திலும் ஒரு பின்தையல் (ஊசியைத் தைத்த பக்கமே திருப்பிக் குத்தி எடுப்பது) போட்டு இறுக்கிவிடுங்கள், அழுகைச் சத்தம் கேட்டால் அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம், ஒன்றும் பிரியாது.

ஊசியையும் குண்டூசியையும் எண்ணி எடுத்து எண்ணியே வையுங்கள். ஒருநாள் என் கணக்கில் ஒன்று குறைந்தது, மகள் அப்போது தவழ்கிற வயது. பாயை உதறி, தரையைக் கூட்டி, கடைசியில் பழுதான ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை நிலமெங்கும் உருட்டினேன், கதவு நிலைக்குக் கீழிருந்து டிக் என்று வந்து ஒட்டியது. அன்றிலிருந்து அந்தக் காந்தம் பேணிக்குள்தான் இருக்கிறது.

அடுக்குகளைச் சேர்க்க நெருக்கமாகத் தைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அடித்துணி, நடுத்துணி, மேல்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்துக் குண்டூசி குத்தி, நான்கு சதுரம் சந்திக்கிற மூலைகளில் தடித்த நூலால் மேலிருந்து கீழே குத்தி எடுத்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். அப்படி 30 மூலை, நாளுக்கு ஐந்தென்றால் ஆறு நாள். நடுத்துணியை மேல்துணி அளவுக்கு நறுக்கிவிட்டு, அடித்துணியில் மிஞ்சும் ஓரத்தை இரண்டாக மடித்து மேலே கொண்டுவந்து தையுங்கள், அதற்கு ஒரு எட்டு நாள்.

கூட்டினால் 85 நாள். காய்ச்சல், கலியாண வீடு, வயல் வேலை என்று விட்டுப்போகிற நாட்களும் இருக்கும்தானே, ஆகவே ஆனியில் தொடங்குங்கள். ஐப்பசி பிறந்தால் மழையும் பெரும்போக விதைப்பும் சேர்ந்து வந்துவிடும், மார்கழிப் பனிக்குப் போர்வை கையில் இருக்க வேண்டும்.

ஒரு வயது ஆகாத பிள்ளையை இதால் போர்த்தி உறங்கவிடாதீர்கள், பாரமானது. அதுவரை நிலத்தில் விரித்து, நீங்கள் பக்கத்தில் இருந்து விளையாட விடுங்கள். தோய்த்தாலும் கொடியில் தொங்கவிட வேண்டாம், ஈரப்பாரம் முடிச்சுகளை இழுக்கும். முற்றத்தில் பாயை விரித்து அதன்மேல் காயவிடுங்கள்.