விலை குறைந்த அகலத்திரை மானிட்டர் வாங்கலாமா? நாளிதழை வெட்டி முடிவு செய்யும் முறை

காட்பாடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவரும், ஆம்பூரில் காலணி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: குறைந்த விலையில் வரும் 29 அங்குல அகலத்திரை மானிட்டரை வாங்கலாமா? பெரும்பாலும் மாணவருக்கு வேண்டாம் என்றும், கணக்குப் பார்ப்பவருக்கு வாங்கலாம் என்றும் சொல்வேன். காரணத்தை நீங்களே அறிந்துகொள்ள அளவுநாடாவும் பழைய நாளிதழும் போதும்.

முதல் படியாகத் திரையின் அளவைத் தாளில் வெட்டி எடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள குறுக்களவே தவிர, அகலமோ உயரமோ அன்று. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9 ஆக இருக்கும் வழக்கமான வடிவத்தில் 23.8 அங்குலத் திரை ஏறக்குறைய 20.7 அங்குல அகலமும் 11.7 அங்குல உயரமும் கொண்டது. 21:9 என்னும் அகலத்திரை வடிவத்தில் 29 அங்குலத் திரையோ 26.7 அங்குல அகலமும் 11.3 அங்குல உயரமுமே கொண்டது. அதாவது, பெயரில் ஐந்து அங்குலம் கூடினாலும் உயரத்தில் சற்றுக் குறைகிறது. இதை அளந்து பார்க்காமல் வாங்கி, பெட்டியைப் பிரித்த அன்றே ஏமாந்தவன் நான். இரண்டு தாள்களையும் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டி, ஒரு கை நீளம் தள்ளி அமர்ந்து பாருங்கள். விடுதி மேசை இரண்டடி அகலம்தான் என்றால், அகலத்திரை இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து, உங்கள் வேலை பக்கவாட்டில் விரிகிறதா, கீழ்நோக்கி நீள்கிறதா என்று கவனியுங்கள். எக்செல் தாளின் வழக்கமான கட்டம் 64 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி) அகலமுடையது. ஆகவே அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல் கொண்ட (1920 × 1080) வழக்கமான திரையில் சுமார் 29 நெடுவரிசைகளும், 2560 × 1080 அகலத்திரையில் சுமார் 39 நெடுவரிசைகளும் தெரியும். வரிசைகளின் எண்ணிக்கை மட்டும் இரண்டிலும் ஒன்றே. அளவு, நிறம், அனுப்பிய தேதி என்று நீண்டுகொண்டே போகும் காலணிக் கணக்குக்கு அந்தப் பத்து நெடுவரிசைகள் பெரிய உதவி. மேலிருந்து கீழாக நிரல் எழுதுபவருக்கும் பாடநூல் படிப்பவருக்கும் அவற்றால் அதிகப் பயன் இல்லை. யூடியூப் காணொளிகள் பெரும்பாலும் 16:9 என்பதால், முழுத்திரையில் இருபுறமும் 320 பிக்சல் கறுப்புப் பட்டையாகவே நிற்கும்.

மூன்றாவதாக எழுத்தின் தெளிவைப் பாருங்கள். தமிழில் படிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. 29 அங்குலத்தில் 2560 × 1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் கிடைக்கும். அதே எண்ணிக்கையை 34 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். அந்த நிலையில் சிறிய எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளியும் ண, ன இவற்றின் சுழிகளும் மங்கலாகத் தெரியும். ஆகையால் விலை மலிவு என்று 34 அங்குலத்துக்குத் தாவ வேண்டாம். கடையில் ஓடவிட்டிருக்கும் பளபளப்பான இயற்கைக் காட்சியை நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். ஓரங்களில் நிறம் மாறாமல் இருக்க ஐபிஎஸ் வகைத் திரையே நல்லது. வளைந்த திரைக்காகக் கூடுதல் பணம் தர இந்த அளவில் அவசியம் இல்லை.

பிறகு உங்கள் கணினியால் 2560 × 1080 படத்தை அனுப்ப முடியுமா என்று அதன் தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பில் சரிபாருங்கள். பழைய கணினிகள் சிலவற்றில் திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு 1920 × 1200 வரையே தரும். அப்படியானால் படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும்; இல்லையேல் இரு ஓரங்களும் வெறுமையாக நிற்கும்.

எந்தத் திரையை எடுத்தாலும், பணம் கட்டும் முன் முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் காட்டச் சொல்லி, எரியாத புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பழுதானால் வேலூரிலேயே சரிசெய்து தருவார்களா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வராமல் பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்பிப் போடுங்கள். வேலூர் வெயிலில், குறைந்த விலைத் திரைகள் பலவற்றின் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் எடுபடாது. மாற்றித் தரும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியைப் பரணில் வைத்திருங்கள்.