செம்மண் சாலைக்கு ஏற்ற மின்மிதிவண்டி: தேர்வு முதல் பராமரிப்பு வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தில் குடியிருந்துகொண்டு பட்டணத்துக்கு வேலைக்கோ சந்தைக்கோ போய்வருபவர்கள் பலர் என் மின்மிதிவண்டியை நிறுத்தி விசாரிப்பதுண்டு. அவர்கள் முதலில் கேட்பது, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். மூன்று ஆண்டுகளாக ஓட்டிவரும் எனக்கோ அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றுகிறது. மோட்டார் எளிதில் கெடுவதில்லை. நம்மைச் செம்பனைக் காட்டின் நடுவே நிறுத்திவைப்பவை பேட்டரி, மின்கம்பி இணைப்பு, பின்சக்கரம் ஆகிய மூன்றுதான். வாங்கும்போதும் பேணும்போதும் கண் இந்த மூன்றின் மீதே இருக்க வேண்டும்.

முதல் படி: கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் சொல்லப்படும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 360 வாட்-மணி. மிதித்துக்கொண்டே மோட்டாரின் மிதமான உதவியோடு ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 முதல் 15 வாட்-மணி செலவாகும். மேடும் செம்மண்ணும் உள்ள வழிக்கு 12 என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து பட்டணம் 9 கிலோமீட்டர் என்றால், போய்வர 18. செலவு 216 வாட்-மணி. பேட்டரியை ஒட்ட வடிக்காமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டுமானால் 270 தேவை. சில ஆண்டுகளில் பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த பிறகும் அதே பயணம் நடக்க வேண்டுமானால் 338 வாட்-மணி வேண்டும். ஆக, 360 போதும், ஆனால் பெரிதாக மிஞ்சாது. இதே பேட்டரியைக் காட்டி "80 கிலோமீட்டர் ஓடும்" என்று விற்பனையாளர் சொன்னால், கிலோமீட்டருக்கு 4.5 வாட்-மணிதான் செலவாகும் என்று அவர் சொல்வதாகப் பொருள். பெரும்பகுதியை நீங்களே மிதித்தால் அது நடக்கும்.

இரண்டாம் படி: எது மிதிவண்டி, எது மோட்டார் சைக்கிள்?

ஐரோப்பாவின் இஎன் 15194 தரம், மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குள்ளும், அது மிதிப்பவருக்கு உதவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே விற்பனைக்கு வரும் நல்ல வண்டிகளும் இந்த அளவைத்தான் ஒட்டியிருக்கின்றன. மிதிக்காமலேயே 45, 50 கிலோமீட்டர் வேகம் போகும் வண்டி, மிதிகட்டை இருந்தாலும் மிதிவண்டி ஆகாது. அதை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்யாமல், சாலை வரியும் காப்பீடும் உரிமமும் இல்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. "எல்லாரும் ஓட்டுகிறார்கள்" என்ற பதில், விபத்து நடந்த மறுநாள் உதவிக்கு வராது.

மூன்றாம் படி: மோட்டாரும் உணரியும்

மோட்டார் சக்கரத்தின் நடுவில் இருக்கலாம், அல்லது மிதிகட்டைகளுக்கு நடுவில் இருக்கலாம். மிதிகட்டைப் பக்கம் இருப்பது மேடு ஏறுவதில் கெட்டிக்காரன்தான். ஆனால் அதன் விசை முழுவதும் சங்கிலி வழியாகப் போவதால் சங்கிலியும் பல்சக்கரமும் விரைவில் தேயும். பழுதானால் உதிரிப் பாகத்துக்கு ஈப்போவுக்கோ அதற்கு அப்பாலோ அலைய நேரும். தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது பின்சக்கரத்தில் பொருத்திய, உள்ளே சிறு கியர்கள் கொண்ட மோட்டார். அது எடை குறைவு, மேட்டில் இழுக்கும், பேட்டரி தீர்ந்தாலும் சாதாரணச் சைக்கிள் போலச் சுழலும். கியர் இல்லாத நேரடி மோட்டார் கனமானது; மின்சாரம் இல்லாதபோது மிதிப்பவரைப் பின்னுக்கு இழுக்கும்.

மிதிப்பதை அறியும் உணரியிலும் இரு வகை உண்டு. ஒன்று மிதிகட்டை சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும். மற்றொன்று எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து அதற்கேற்ப உதவும். இரண்டாவது விலை கூடுதல், ஆனால் ஈரச் செம்மண்ணில் வண்டி திடீரென்று பாயாது.

நான்காம் படி: பேட்டரியையும் சார்ஜரையும் கையில் எடுத்துப் பாருங்கள்

விலை மலிவென்று ஈய அமில பேட்டரி உள்ள வண்டியை வாங்காதீர்கள்; எடையும் அதிகம், ஆயுளும் குறைவு. லித்தியம் பேட்டரியில் உறை உப்பியிருக்கிறதா, திருகாணியில் துரு இருக்கிறதா, முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டியானால் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. 36 வோல்ட் என்று எழுதியிருக்கும் வழக்கமான பேட்டரியில் பத்து செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். முழுச் சார்ஜில் அது 42 வோல்ட் காட்டும். சார்ஜ் செய்து ஓர் இரவு சும்மா வைத்த பின்னும் 41க்கு மேல் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். விடிவதற்குள் பல வோல்ட் சரிந்திருந்தால் உள்ளே ஏதோ ஒரு செல் படுத்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதை அவசியம் படியுங்கள். 48 வோல்ட் பேட்டரிக்கான சார்ஜர் 54.6 வோல்ட் வெளியிடும். அதன் முனை உங்கள் 36 வோல்ட் பேட்டரியில் பொருந்தக்கூடும். பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலைக் காட்டும் சிரிம் முத்திரை இல்லாத சார்ஜரை நான் வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை.

ஐந்தாம் படி: வீட்டில் சார்ஜ் செய்யும் முறை

வெயிலில் ஓட்டி வந்த உடனே செருகாதீர்கள். பேட்டரியைக் கழற்றி நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு, உறையில் கை வைத்துப் பார்த்துச் சூடு தணிந்த பிறகு சார்ஜ் செய்யுங்கள். 10 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் ஐந்து முதல் ஆறு மணி நேரம் எடுக்கும். செலவு அரை யூனிட் மின்சாரத்தைத் தொடாது. எனவே இரவெல்லாம் போட்டுவிட்டுத் தூங்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே வைத்துச் செய்வது என்பதும் முக்கியம். லித்தியம் தீப்பற்றினால் மிக வேகமாகப் பரவும். லயம் எனப்படும் பழைய தோட்டத்து வரிசை வீடுகளில் சுவர் பலகை, வெளியேறும் வாசலும் ஒன்றே. அந்த வாசலருகே மெத்தைக்கும் துணிக்கும் பக்கத்தில் சார்ஜ் செய்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வெளித் திண்ணையின் சிமெண்டுத் தரையில், மழைச் சாரல் படாத மூலையில், நீங்கள் விழித்திருக்கும்போது செய்யுங்கள். இடி இடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பேராக்கின் மாலை நேர இடி முன்னறிவிப்போடு வருவதில்லை.

ஆறாம் படி: பஞ்சரும் பின்சக்கரமும்

செம்பனை மட்டையின் முள் தைக்காத டயர் எங்கள் தோட்டத்தில் இல்லை. ஆனால் ஒவ்வொரு முள்ளுக்கும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை என்பதைப் பட்டணத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டினார். முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்து டயர் விளிம்பை மட்டும் நெம்பி, டியூபை ஒரு சாண் அளவு வெளியே இழுத்து, தேய்த்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முறிந்த முள்முனை அங்கேயே காத்திருக்கும்.

டியூபையே மாற்ற வேண்டி வந்தால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முதலில் மின்சாரத்தை அணைத்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். மோட்டார் கம்பியின் இணைப்பில் இரு பக்கமும் சிறு அம்புக்குறி இருக்கும். அதை முறுக்காமல் நேராக இழுத்துப் பிரியுங்கள்; பூட்டும்போது அம்புகள் எதிரெதிரே நிற்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அச்சு நட்டுக்கு 18 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். நட்டுக்கு அடியில், ஒரு பக்கம் கொக்கி போல வளைந்த வாஷர் ஒன்று வரும். அந்தக் கொக்கிதான் அச்சு சுழலாமல் சட்டகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுக்கவில்லை. முதல் முறை கழற்றிப் பூட்டியபோது அந்த வாஷரைத் திருப்பிப் போட்டு, நட்டையும் கைக்குத் தோன்றிய அளவுக்கு இறுக்கினேன். எண்ணெய் ஆலைக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் "டொக்" என்று ஓர் ஒலி. சக்கரத்துக்குப் பதிலாக அச்சு சுழன்று, மோட்டார் கம்பியைக் கயிறு போல முறுக்கி அறுத்துவிட்டது. பழக்குலை ஏற்றிய லாரிகள் தூசியை வாரி இறைக்க, 6 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து, இறுக்கும் விசையைக் காட்டும் முறுக்கு அளவி கொண்டு 30 முதல் 40 நியூட்டன்-மீட்டர் வரை, உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்கு இறுக்குகிறேன். கம்பி அச்சிலிருந்து வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கி இருந்தால் மழைநீர் கம்பியைப் பிடித்தபடியே மோட்டாருக்குள் இறங்கும்.

ஏழாம் படி: வாராந்தர, மாதாந்தர வேலைகள்

வாரம் ஒரு முறை, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் காற்று இருக்கிறதா என்று பார்த்து, சங்கிலியைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். மாதம் ஒரு முறை சங்கிலியை அடிக்கோலால் அளக்கலாம்: ஒரு முளையின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள முளையின் நடு வரை புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற நேரும்.

செம்மண் குழம்பு பிரேக் கட்டைகளை அரைத்துத் தீர்த்துவிடும். தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு வந்ததும் புதிது போடுங்கள். பிரேக் பிடியை அழுத்தினால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சோதியுங்கள். வண்டி மழையில் நனையலாம், வெள்ளத்தில் மூழ்கக் கூடாது. லாரி கழுவும் உயர் அழுத்தக் குழாயை அதன் மீது ஒருபோதும் திருப்பாதீர்கள். ஈரத் துணி போதும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறக்க நேர்ந்தால், கம்பி நுழையும் துளையை அடைத்து மூடுங்கள். என் பெட்டிக்குள் ஒருமுறை எறும்புகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன.

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ சில வாரம் வெளியூர் போவதானால், பேட்டரியை முழுதாக நிரப்பியோ முழுதாக வடித்தோ விட்டுப்போகாமல் பாதிக்குச் சற்று மேலாக வைத்து, வண்டியிலிருந்து கழற்றி, தகரக் கூரையின் சூடு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆயுள் முடிந்த பேட்டரியைப் பிரிக்கவும் வேண்டாம், லயத்துப் பின்னால் உள்ள குப்பைக் குழியில் போடவும் வேண்டாம். மற்ற குப்பையோடு எரிந்தால் அது வெடிக்கும். முனைகளின் மேல் ஒட்டுநாடா சுற்றி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.